குமரன் நினைவகமும் ரயில் நிலைய முன்வெளியும், திருப்பூர்

திருப்பூர் மாநகரில் திட்டமிட்டு வகுக்கப்பட்ட நடுத்திடல் ஏதுமில்லை. ரயில் நிலையம், அதையடுத்த குமரன் சாலை, அருகிலுள்ள காதர்பேட்டைக் கடைவீதி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நெரிசலான பகுதியே அத்திடலின் இடத்தை நிரப்பி வருகிறது. ஊரின் பழைய மையம் விசுவேசுவரர், வீரராகவப் பெருமாள் கோயில்களைச் சுற்றிய தேர்வீதிகளில் இருந்தது. போத்தனூர்–சங்ககிரி இருப்புப்பாதை 1862இல் திறக்கப்பட்டு, பஞ்சிலிருந்து கொட்டையை நீக்கும் அரவை ஆலைகளும் பருத்தி வணிகமும் பெருகியபின், ஊரின் போக்குவரத்து மெல்ல நிலையத்தின் பக்கம் சாய்ந்தது.

இவ்விடத்துக்கு அரசியல் அடையாளம் தந்தது கதர் இயக்கம். கையால் நூற்று கையால் நெய்த துணியான கதரின் உற்பத்தியிலும் விற்பனையிலும் திருப்பூர் தமிழ்நாட்டின் தலைமை மையங்களுள் ஒன்றாக இருந்தது. சென்னிமலையில் 1904இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி, காந்தி கைதானதைக் கண்டித்து 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் காவலரின் தடியடிக்கு உள்ளாகி, மறுநாள் உயிர்நீத்தார்; கையிலிருந்த கொடியை நழுவவிடாமையால் ‘கொடிகாத்த குமரன்’ எனப் போற்றப்பட்டார். சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ரயில் நிலையத்தின் அருகே தமிழக அரசு 1991இல் அவருக்கு நினைவகம் அமைத்தது.

நினைவகம் நிறுவியோர் மாலையணிவிப்பை மட்டுமே எண்ணியிருக்கலாம். ஊரோ அதன் முன்புறத்தை ஆர்ப்பாட்டக் களமாக்கிக்கொண்டது. விலைவாசியைச் சமாளிக்க ஊதியத்தோடு சேர்த்து வழங்கப்படும் பஞ்சப்படியைக் கோரி, 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் நகரம் இது என்பதால், கட்சிகளும் தொழிற்சங்கங்களும் குரல் எழுப்ப இந்த இடத்தைத் தேடுவதில் வியப்பில்லை.

காதர்பேட்டை வேறு வகைக் கூட்டத்தை ஈர்க்கிறது. ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்ததில் மிஞ்சிய ஆடை ‘சர்ப்ளஸ்’ என்றும், தையல் பிசகோ சாயத் திட்டோ காரணமாகத் தரச் சோதனையில் கழிக்கப்பட்டது ‘செகண்ட்ஸ்’ என்றும் இங்கு வழங்கும். கழுத்து லேபிள் வெட்டப்பட்ட டி-ஷர்ட்டுகள் தரையில் குவிந்து கிடக்க, வெளியூர் வியாபாரிகள் துணியை இழுத்துப் பார்த்தும் தையலைப் புரட்டிப் பார்த்தும் ‘லாட்’ என்னும் மொத்தக் குவியலாகவே விலை பேசுகின்றனர். தகரக் கொட்டகைகள் நெருங்கி நின்ற இச்சந்தையின் ஒரு பகுதியில் 2023 ஜூனில் மூண்ட தீ, சுமார் ஐம்பது கடைகளை அழித்தது. பஞ்சாடைக் குவியலும் குறுகிய சந்தும் சேர்ந்த இடத்தில் இது எதிர்பாராத விபத்து என்று சொல்வதற்கில்லை.

பனியன் எனப் பொதுவாக அழைக்கப்படும் பின்னலாடைத் தொழில் 1980களுக்குப் பின் ஏற்றுமதியாக விரிந்தபோது, முதலில் தென்மாவட்டங்களிலிருந்தும் பின்னர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து இறங்கினர். ஆலப்புழை–தன்பாத் விரைவு ரயில் வரும் நேரத்தில் மூட்டைகளோடு நிலைய வாயிலில் காத்திருப்போரிடையே தமிழைவிட இந்தியும் ஒடியாவும் மிகுதியாகக் கேட்கின்றன.