ஒரு சம்பளமும் மாஹே மாற்றலும்

புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு சொற்கள் வயிற்றைக் கலக்கும். ஒன்று ஏனாம், இன்னொன்று மாஹே. காரைக்கால் பரவாயில்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், பேசுவதும் தமிழ்தான். ஏனாம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் 800 கிலோமீட்டருக்கு அப்பால். மாஹே மேற்குக் கடற்கரையில் 600 கிலோமீட்டருக்கு மேல். நான்கு ஊர்களும் ஒரே அரசு, ஒரே சீனியாரிட்டி பட்டியல். கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவன் எங்கே போகச் சொன்னாலும் போகவேண்டும்.

இப்படி ஒரு விசித்திர அமைப்பு எப்படி வந்தது என்று இளைய தலைமுறை கேட்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1674ல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1721ல் மாஹே, 1739ல் காரைக்கால் என்று வியாபாரத்துக்கு வசதியான துறைமுகங்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். மாஹேயில் அவர்களுக்கு வேண்டியது மிளகு. ஆங்கிலேயரோடு நடந்த சண்டைகளில் இந்த ஊர்கள் பலமுறை கைமாறின. நெப்போலியன் காலத்துப் போர்கள் ஓய்ந்தபிறகு இந்தத் துண்டு நிலங்கள் மட்டும் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தன. கவர்னர் புதுச்சேரியில் இருப்பார், மற்ற ஊர்களுக்கு ஒவ்வொரு அட்மினிஸ்திராத்தர்.

1954ல் காற்று மாறியது. ஜூன் 13ல் ஏனாம் விடுபட்டது. ஜூலை 16ல் ஐ.கே.குமாரன் தலைமையில் மாஹே. அக்டோபர் 18ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாகக் கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 ஜூலை 1ல் யூனியன் பிரதேசம் ஆனோம். மொழியால் மூன்றாகப் பிரிந்த நான்கு ஊர்களை ஒட்டவைத்திருந்தது பழைய பிரெஞ்சு நிர்வாகம் ஒன்றுதான். அந்த ஒட்டு அப்படியே இந்திய அரசிடம் வந்து சேர்ந்தது. அதன் பலன் எங்கள் மாற்றல் உத்தரவுகள்.

1979 ஜனவரி பலருக்கு நினைவிருக்கும். புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் சொன்னதும் ஊரே கொதித்தது. கடையடைப்பு, தடியடி, துப்பாக்கிச்சூடு, உயிர்ச்சேதம். எனக்கும் இணைப்பில் விருப்பமில்லை. நம் ஊர் தனியாகத்தான் இருக்கவேண்டும் என்று வீட்டில் உரக்கவே பேசினேன். இணைப்பு நின்றது. நான்கு மாதம் கழித்து, மே மாதம், என் மேசைக்கு ஒரு உறை வந்தது. மேல்நிலை எழுத்தராகப் பதவி உயர்வு, இடம் மாஹே. இணைப்பு நடந்திருந்தால் மாஹே கேரளாவுக்குப் போயிருக்கும், நான் ஊரிலேயே இருந்திருப்பேன். இதை என் மனைவிதான் சுட்டிக்காட்டினாள்.

அப்போது எனக்கு முப்பது வயது. மகளுக்கு ஆறு, மகனுக்கு இரண்டு. அம்மா எங்களோடு. மனைவி ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக டைப்பிஸ்ட், மாதம் 110 ரூபாய். பதவி உயர்வை மறுக்கலாம். மறுத்தால் கொஞ்ச காலத்துக்குப் பெயர் எடுக்கமாட்டார்கள், பின்னால் வந்தவன் முன்னால் போய்விடுவான். கீழ்நிலை எழுத்தர் சம்பள விகிதம் 260–400, மேல்நிலை எழுத்தருக்கு 330–560. எல்லாப் படியும் சேர்த்து என் கைக்கு ஏறக்குறைய 560 ரூபாய் வரும் என்று கணக்கானது.

ஒரு இரவு சிம்னி விளக்கில் (அன்று கரண்ட் இல்லை) இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் தனியாகப் போனால் அறைக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் 200. மீதி 360ஐ வீட்டுக்கு அனுப்பினால், அவள் சம்பளத்தோடு 470. இருப்பது சொந்த வீடு, வாடகை இல்லை. குடும்பத்தோடு போனால் அவள் 110 போய்விடும். வாடகை 80, அம்மாவுக்கு மணியார்டர் 60, மிச்சம் 420. அதுவும் புது ஊரில், நான்கு பேருக்கு. எப்படிக் கூட்டினாலும் தனியாகப் போவதே லாபம். ரெட்டை அடுப்பு வைத்த சகாக்கள் அப்படித்தான் செய்தார்கள்.

கதவோரம் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். என் அப்பா சைகோனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்தில் புதுவை, காரைக்காலில் பல குடும்பங்களில் ஒருவராவது சைகோனில் இருப்பார். கப்பலில் பணம் வரும், ஆள் வரமாட்டார். அம்மா சொன்னார்: "ஏண்டா, உங்கப்பா சைகோன்லேர்ந்து வந்து எறங்கினப்போ, யாரும்மா இவருன்னு கேட்டியே, அது மறந்துபோச்சா? இந்த ரெண்டும் அப்படிக் கேக்கணுமா? எனக்கு மணியார்டர் வேணாம், கூட்டிக்கிட்டுப் போ."

மணியார்டர் தவறாமல் அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வியோடு கணக்கு முடிந்தது.

மாற்றலுக்கு ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தருவார்கள், மூன்று தவணையில் பிடிப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, இரண்டும் மீட்டர் கேஜ். காட்பாடியில் மங்களூர் மெயில். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைக் கட்டு, அம்மிக்குழவி (அம்மிக்கல் எடுக்க முடியவில்லை, குழவி மட்டும் எதற்கு என்று இன்றுவரை தெரியாது). மறுநாள் தலச்சேரியில் இறங்கியபோது மழை. நம் ஊரில் ஜூன் என்றால் கத்திரி வெயிலின் மிச்சம். அங்கே அன்று பிடித்த மழை ஆகஸ்டு வரை விட்டுவிட்டுப் பெய்தது. துணி காயாது, விறகு எரியாது. முதல் மாதம் மண்ணெண்ணெய்க்கு மட்டும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆனது. அரிசி சிவப்பாகப் பருத்திருக்கும். பையன் "இது சோறு இல்லே" என்று தட்டைத் தள்ளிவிட்டான்.

மாஹே மொத்தமே 9 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் மய்யழிப்புழை, ஒரு பக்கம் கடல். எனக்கு மலையாளம் தெரியாது, அலுவலகத்தில் மூத்தவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. முதல் நாள் தயங்கித் தயங்கி நின்றவன், அவர் மேசையில் பழைய எத்தா சிவில் பதிவேடு ஒன்று திறந்திருப்பதைப் பார்த்தேன். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில். சத்தமாக ஒரு வரி படித்தேன். மனிதர் நிமிர்ந்து பார்த்து, "பொன்ழூர், முசியே" என்றார். அதற்குப்பின் மூன்று வருடம் நாங்கள் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். இரண்டு இந்தியர்கள், இந்திய அரசு அலுவலகத்தில், பிரெஞ்சு போய் இருபத்தைந்து வருடம் கழித்து! பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது வீண் என்று நினைத்திருந்தவன் நான். அந்த ஊரில் அதுதான் எனக்குச் சோறு போட்டது.

மகளை மலையாளப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். அப்போது மாஹேயில் கேரளப் பாடத்திட்டம், ஏனாமில் ஆந்திரப் பாடத்திட்டம், புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது. ஒரே அரசில் பிள்ளைகளுக்கு மூன்று எழுத்து. பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியை "மோளே" என்று கூப்பிட்டு, ஈர விறகை அடுப்பு மேல் பரணில் காயவைக்கக் கற்றுக்கொடுத்தார். ஆறே மாதத்தில் மனைவியும் பிள்ளைகளும் மலையாளம் பேசினார்கள். நான்தான் கடைசி.

ஒருநாள் மகள் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள், முழுக்க மலையாள எழுத்தில். அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டி, படிக்க ஆள் தேடியிருக்கிறார். பிறகு எனக்கு எழுதச் சொல்லி வந்த பதிலில், "நீ பிரெஞ்சு நோட்டைக் கொண்டுவந்து காட்டினப்பவும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றிருந்தது.

1982ல் திரும்பினோம். மகள் தமிழில் அ, ஆ தொடங்க, ஒரு வருடம் பின்னால் சேர்த்தோம். மனைவியின் இடத்தில் வேறு ஒருத்தி நிரந்தரமாகி இருந்தாள். அதன்பிறகு அவளுக்கு வேலை அமையவில்லை. அந்த 110 ரூபாய் மூன்று வருடத்து நஷ்டம் என்றுதான் அன்றிரவு எழுதியிருந்தேன். முப்பது வருடத்து நஷ்டம் என்று எழுதத் தோன்றவில்லை. அந்த மாற்றலால் எனக்குச் சீனியாரிட்டி கிடைத்தது, பிறகு பதவி உயர்வு, இன்று பென்ஷன். அவள் பெயரில் எதுவும் இல்லை. பிள்ளைகள் என்னை யார் என்று கேட்கவில்லை, அது உண்மை. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

இதை எழுதுமுன் அவளிடம் கேட்டேன், "அப்போ நீ வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?" என்று.

"நீங்க எங்க கேட்டீங்க? அத்தைதானே முடிவு பண்ணாங்க," என்றாள். பிறகு, "ஆனா மோளேன்னு கூப்பிட ஒரு ஆள் கெடைச்சுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.