மாணவர் பேரவை: நியமனத்துக்கு முடிவு எப்போது?

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சானமாவு வனப்பகுதி. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் இங்கு யானைகள் முகாமிட்டால், இரவில் வெளியே நடமாட வேண்டாம் என்று சுற்றுக் கிராமங்களை வனத்துறை எச்சரிக்கும். அத்தகைய நாளில் வகுப்பைச் சற்று முன்னதாக முடிக்குமாறு கல்லூரியிடம் கேட்க வேண்டியவர் யார்? இந்த வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் நான் இதைக் கேட்பதுண்டு. பெரும்பாலோர் பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். தங்கள் பிரதிநிதி என்று எவரையும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவை பெயரளவில் உண்டு. அதன் பொறுப்பாளர்களை மதிப்பெண், நன்னடத்தை ஆகியவற்றைப் பார்த்து நிர்வாகமே நியமிக்கிறது. நியமித்தவரிடமே குறையைச் சொல்ல வேண்டிய நிலையில் பிரதிநிதித்துவம் எப்படி உயிர்பெறும்?

தேர்தல் வழியே அமையும் பேரவையின் கட்டமைப்பு வேறு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் ஆகிய நால்வரையும் மாணவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு புலத்துக்கும் தனி உறுப்பினர்கள் உண்டு. தேர்தலை நடத்தும் ஆணையமும் மாணவர்களைக் கொண்டதே. வாக்குப்பதிவுக்கு முன் தலைவர் வேட்பாளர்கள் பொதுமேடையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளை இணைத்துள்ள கேரளப் பல்கலைக்கழகங்களிலோ முறை இரண்டு படிகளாக உள்ளது. கல்லூரிகளில் தேர்வாகும் பிரதிநிதிகள் கூடி, பல்கலைக்கழகப் பேரவையின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி உள்ளிட்ட நான்கு மாவட்டக் கல்லூரிகளை இணைத்திருக்கும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு இந்த முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

தேர்தல் என்றாலே வன்முறையும் கட்சி அரசியலும் நுழையும் என்ற அச்சம் காரணமற்றதல்ல. ஓசூருக்கு அப்பால், கர்நாடகத்தில் 1980-களின் இறுதியில் மாணவர் தேர்தல்கள் தடைசெய்யப்பட்டதன் பின்னணியும் அதுவே. ஆனால், அந்த அச்சத்துக்கான விடையாகத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு விதிமுறைகளை வகுத்தது. 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

அவ்விதிகளின்படி, கல்வியாண்டு தொடங்கிய 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். வேட்புமனு தொடங்கி முடிவு அறிவிப்பு வரை 10 நாள்களைத் தாண்டக் கூடாது. இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருந்தால் போட்டியிடலாம். 75 சதவீத வருகைப்பதிவு தேவை. தேர்வில் நிலுவைப் பாடம் இருக்கக் கூடாது. செலவு வரம்பு 5,000 ரூபாய். கட்சிகளிடம் பணம் பெறவும் அச்சிட்ட சுவரொட்டிகளை ஒட்டவும் தடை உண்டு. நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம். முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கத் தனிக் குழுவும் அமைக்கப்பட வேண்டும்.

இவ்விதிகள் கடுமையானவை என்ற விமர்சனமும் உண்டு. அவற்றைப் பின்பற்றவில்லை என்பதால், 2008-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் தேர்தலுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; 2012-ல்தான் தேர்தல் மீண்டும் நடந்தது. எனினும், அதே விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. சூழல் சாதகமாக இல்லாத இடங்களில் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்; ஆனால், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்கிறது அது. அந்தக் கெடு 2011-லேயே முடிந்துவிட்டது. இடைக்கால ஏற்பாடோ நிரந்தரமாகிவிட்டது.

18 வயது நிரம்பியவர் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். தன் கல்லூரிப் பேரவையின் செயலாளரைத் தேர்ந்தெடுக்க இயலாது. இந்த முரணைக் களைய முதல் படியாக, துறைக்கு ஒரு பிரதிநிதியை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் மாதம் ஒருமுறை முதல்வருடன் அமர்ந்து பேசட்டும். கூட்ட முடிவுகளும் பேரவை நிதியின் வரவுசெலவும் அறிவிப்புப் பலகையில் இடம்பெறட்டும். பேருந்து நேரம், கல்வி உதவித்தொகை, விடுதி உணவு என்று பேச வேண்டியவை ஏராளம். கல்வித் துறை இதற்கு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். வரும் கல்வியாண்டே அதற்கு உகந்த தருணம்.