காற்றில் சுழலும் 16 கிலோ இரும்பு... கெட்டில்பெல் ஜக்ளிங் முதல் அந்தக்கால பலசாலிகள் வரை!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். திடீரென ஒருவர், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை நெஞ்சு உயரத்துக்கு வீசுகிறார். அது காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து இறங்க, அசால்ட்டாகப் பிடித்து, அதே வேகத்தில் அடுத்த கைக்கு மாற்றுகிறார். செம கெத்து! மறுநாள் ஜிம்முக்குப் போனதும் மூலையில் கிடக்கும் கெட்டில்பெல் மீது உங்கள் கண் போகுமா, போகாதா?

கண்டிப்பாகப் போகும். அதைத் தூக்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் 16 கிலோ குண்டு, தரையைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 20 கி.மீ வேகத்தில் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் பாதம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால், முறையாகக் கற்றுக்கொண்டால் இதைவிட ஜாலியான உடற்பயிற்சி குறைவு. எது வித்தை, எது பலம், எதை முயற்சி செய்யலாம், எதைத் தொடவே கூடாது... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தானியக் கடையிலிருந்து ஜிம்முக்கு!

கெட்டில்பெல்லின் ஊர் ரஷ்யா. அங்கே அதன் பெயர் 'கிர்யா'. உடற்பயிற்சிக்காகப் பிறந்த பொருள் இல்லை இது. சந்தையில் தானியம் எடைபோடப் பயன்பட்ட எடைக்கல்தான். பழைய ரஷ்ய அளவான ஒரு 'பூட்' என்பது 16.38 கிலோ. இன்றைக்கும் கெட்டில்பெல்கள் 16, 24, 32 கிலோ என்ற கணக்கில் வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட். அவ்ளோதான் விஷயம்.

எடைக்கல்லைத் தூக்கிப் பலம் காட்டுவது சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பொழுதுபோக்காக இருந்தது. அதை ஒழுங்கான பயிற்சியாக்கியவர்களில் முக்கியமானவர் விளாடிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்ற டாக்டர். 1885-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பளுதூக்கும் ஆர்வலர்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். 'ரஷ்யச் சிங்கம்' என்று பெயரெடுத்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹேக்கன்ஸ்மித், இவரிடம் பயிற்சி எடுத்தவர்தான்.

1985-ல் சோவியத் யூனியனின் முதல் தேசிய கெட்டில்பெல் சாம்பியன்ஷிப் லிபெட்ஸ்க் நகரில் நடந்தது. இன்றைய போட்டியில் 10 நிமிடம் தரப்படும். குண்டைக் கீழே வைக்காமல் அதற்குள் எத்தனை முறை தலைக்கு மேலே தூக்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. கேட்க சிம்பிளாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் உள்ளங்கை நிலவரம் தெரியும்!

ஜக்ளிங்... உள்ளே என்ன நடக்கிறது?

டம்பெல்லில் எடை கையின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். கெட்டில்பெல்லில் அப்படி இல்லை. எடை முழுக்கக் கைப்பிடிக்கு வெளியே தொங்குகிறது. அதனால்தான் ஊஞ்சல் மாதிரி ஆட்ட முடிகிறது, காற்றில் சுழற்றவும் முடிகிறது.

ஜக்ளிங் செய்பவர் கை பலத்தால் குண்டைத் தூக்கி எறிகிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் வேலை செய்வது இடுப்பும், புட்டத் தசையும், தொடையின் பின்பக்கத் தசையும்தான். இடுப்பைப் பின்னால் தள்ளி, சட்டென முன்னால் கொண்டுவரும் வேகத்தில் குண்டு தானாக மேலே எழும்புகிறது. கை வெறும் கயிறு மாதிரி.

மேலே போகும் குண்டு, உச்சியில் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு நின்றுவிட்டுத்தான் இறங்கும். பிடிக்கவேண்டியது அந்த உச்சியின் பக்கத்தில். கையை விட்டபிறகு 20 சென்டிமீட்டர் மேலே எழும்பும் குண்டு, விட்ட இடத்துக்கே திரும்பிவர சுமார் 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் ஒரு சுற்று சுற்றி, கைப்பிடி உங்கள் விரலுக்கு நேராக வந்தாக வேண்டும். எத்தனை சுற்று என்பது, விடும் நேரத்தில் விரல்கள் கைப்பிடிக்குத் தரும் சின்ன உந்துதலைப் பொறுத்தது. லேட்டாகப் பிடித்தால், குண்டு வேகமெடுத்து இறங்கும். அந்த வேகத்தை நிறுத்தவேண்டிய சுமை தோளுக்கும் கீழ் முதுகுக்கும் போய்ச் சேரும். பெரும்பாலான வலிகள் ஆரம்பிப்பது இங்கேதான்.

'சாண்டோ' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பா, அமெரிக்கா நாடக அரங்குகளிலும் சர்க்கஸ்களிலும் பலசாலிகள்தான் சூப்பர் ஸ்டார்கள். அவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் யூஜின் சாண்டோ. 1867-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1889-ல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலசாலியின் சவாலை ஏற்று ஜெயித்து ஒரே ராத்திரியில் பிரபலமானார். 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இவர் நடத்தியதுதான் உலகின் முதல் பெரிய பாடிபில்டிங் போட்டி. நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில்! இன்றும் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் ஜெயிப்பவர் கையில் கிடைப்பது சாண்டோவின் சிலைதான்.

1904, 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்துபோனார் சாண்டோ. இங்கே கட்டுமஸ்தான உடம்புக்கே 'சாண்டோ' என்று பெயராகிப்போனது. கோவையில் உடற்பயிற்சியால் பெயரெடுத்து, பிறகு சினிமா தயாரிப்பாளரான சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் இந்த 'சாண்டோ'தான். கடையில் 'சாண்டோ பனியன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இவரிடமிருந்து வந்த பெயர்தான் என்று சொல்வார்கள்.

தூக்க முடியாத டம்பெல், ரயில் சக்கரம்!

கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த லூயி சீர், 1895-ல் பாஸ்டனில் ஒரு மேடைப் பலகை மீது 18 பேரை நிற்க வைத்து, அதை முதுகால் தூக்கினார். மொத்த எடை 4,337 பவுண்டு. ஏறக்குறைய 1,967 கிலோ.

இங்கிலாந்தின் தாமஸ் இன்ச் வைத்திருந்த டம்பெல் 78 கிலோதான். 'தான்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 78 கிலோவைத் தூக்கும் ஆட்கள் நிறைய பேர் உண்டு. ஆனால், இதன் கைப்பிடி கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் தடிமன். விரல்கள் சுற்றி வளைக்காது. தூக்க முயன்றால் கையை உருட்டிக்கொண்டு நழுவும். பெரிய பெரிய ஆட்களே ஒற்றைக் கையால் தூக்க முடியாமல் திரும்பினார்கள்.

பிரான்ஸின் 'அப்பலோன்' என்ற லூயி யூனி மேடையில் பயன்படுத்திய ரயில் சக்கர அச்சு 166 கிலோ. அதைத் தலைக்கு மேலே தூக்கிய சார்லஸ் ரிகூலோ, ஜான் டேவிஸ், நார்பர்ட் ஷெமன்ஸ்கி மூன்று பேருமே ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள்.

இது ஆண்கள் ராஜ்ஜியம் என்று நினைக்காதீர்கள். வியன்னாவில் பிறந்த கேட்டி சாண்ட்வினா, தன் கணவரை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்குவதையே ஷோவாக வைத்திருந்தார். பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸின் ஸ்டாரான இவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டும் குரல் கொடுத்தார்.

உயரம் குறைவு என்று கவலைப்படுபவர்களுக்கு ஜோ கிரீன்ஸ்டைன். 'மைட்டி ஆட்டம்' என்பது மேடைப் பெயர். ஐந்தரை அடிகூட இல்லாத மனிதர். 80 வயதைத் தாண்டியும் ஆணிகளை வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

எது பலம், எது டெக்னிக்?

எல்லாமே நிஜமா பாஸ் என்று கேட்டால், பதில் கொஞ்சம் கலவைதான்.

* ஆணி, கம்பி வளைப்பது: முழுக்க நிஜம். உள்ளங்கையில் குத்தாமல் இருக்கத் துணியோ தோலோ சுற்றிக்கொள்வார்கள். ஆணி நீளம் குறையக் குறைய நெம்புகோல் பலன் குறையும். அதனால் குட்டையான ஆணியை வளைப்பதுதான் கஷ்டம்.

* டெலிபோன் டைரக்டரியைக் கிழிப்பது: பலமும் டெக்னிக்கும் சரிபாதி. எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் கிழிப்பதில்லை. விளிம்பை வளைத்து, சில பக்கங்களில் முதலில் கிழிசலை உண்டாக்கி, அதை மற்றவற்றுக்குக் கடத்துவார்கள். பிடி பலம் இல்லாதவர்களால் இதையும் செய்ய முடியாது.

* நெஞ்சில் கல் வைத்து உடைப்பது: இதில் இயற்பியல்தான் ஹீரோ. கல் எவ்வளவு கனமோ, சுத்தியல் அடியின் வேகம் அவ்வளவு குறைவாக உடம்புக்கு வரும். லேசான கல்தான் ஆபத்து. ஆனால் அடி ஒரு இன்ச் தவறினால், காப்பாற்ற இயற்பியல் வராது.

* இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி நிறுத்துவது: இரு பக்க இழுவையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நடுவில் இருப்பவர் கயிறு மாதிரி. ஆனாலும் கை பிரியாமல் அந்த இழுவையைத் தாங்கியாக வேண்டுமே! அது சும்மா இல்லை.

* சங்கிலியை அறுப்பது: நேர்மையாகச் செய்தவர்கள் உண்டு. முன்கூட்டியே ஒரு கண்ணியை அறுத்துவைத்து ஏமாற்றியவர்களும் உண்டு.

ரீல்ஸிலும் இதே கதைதான். தூக்குபவரின் உடம்பைக் கவனியுங்கள். நிஜமான எடை முன்னால் போகும்போது உடம்பு பின்னால் சாயும், குதிகால் தரையில் அழுந்தும். குண்டு கீழே விழும்போது மண்ணில் குழி விழும். இதெல்லாம் இல்லாமல் குண்டு மட்டும் பறந்தால், உள்ளே காலியாக இருக்கலாம்.

நம்ம ஊர் எடைகள்

இந்த விஷயத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. கர்லாக்கட்டை சுற்றுவதும் கெட்டில்பெல் போலத்தான். எடை கைக்கு வெளியே இருக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் பயிற்சி. இந்தியக் கட்டைகளைப் பார்த்து பிரிட்டிஷ் ராணுவத்தினர் கற்றுக்கொண்டுபோக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரவியது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு போட்டியாகவே இருந்தது.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல். 'கல்யாணக்கல்' என்றும் சொல்வார்கள். வழுவழுப்பான உருண்டைக் கல், கைப்பிடி கிடையாது. குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் ஏற்றிப் பின்னால் போட வேண்டும். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். கல்லைத் தூக்கி மாப்பிள்ளையான காலம் போய்விட்டது. தாத்தாக்களிடம் கேட்டுப்பாருங்கள், தூக்கியவர்களைவிடத் தூக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களின் கதைதான் அதிகம் வரும்!

நீங்கள் தொடங்குவது எப்படி?

1. முதலில் இடுப்பை மடக்கப் பழகுங்கள். முதுகு நேராக இருக்க, இடுப்பு மட்டும் பின்னால் போக வேண்டும். குண்டைத் தரையிலிருந்து எடுத்து வைப்பதிலேயே இது சரியாக வர வேண்டும்.

2. அடுத்து இரண்டு கை ஸ்விங். ஆரம்பத்தில் 8 முதல் 12 கிலோ, ஏற்கெனவே ஜிம் பழக்கம் இருந்தால் 16 கிலோ. இது அலுக்கும் அளவுக்குச் செய்யுங்கள். பிறகு ஒற்றைக் கை ஸ்விங்.

3. நெஞ்சு உயரத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது. ஜக்ளிங்கின் முதல் படி இதுதான்.

4. கையை விட்டு, சுழற்றாமல் அதே கையால் பிடிப்பது. இது நூறு முறை தவறாமல் வந்தபிறகுதான் ஒரு சுற்று. அதுவும் ஸ்விங் செய்யும் எடையைவிடக் குறைந்த எடையில்.

5. இடம் முக்கியம். புல்தரை அல்லது மணல். மொட்டை மாடியும் டைல்ஸ் தரையும் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் ஆள், குழந்தை, நாய், செல்போன் ஸ்டாண்டு எதுவும் இருக்கக் கூடாது.

6. தவறிய குண்டைக் காப்பாற்றப் பாயாதீர்கள். கையை எடுங்கள், காலைப் பின்னால் இழுங்கள், விழட்டும். இந்த ஒரு பழக்கத்தைக் குண்டைத் தொடுவதற்கு முன்பே பழகிவிடுங்கள்.

7. நம்ம ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். துண்டும், கையில் தடவும் சாக் பவுடரும் வைத்துக்கொள்ளுங்கள். பிடி தளர ஆரம்பித்தால், 'இன்னும் ரெண்டு' என்று இழுக்காமல் நிறுத்திவிடுங்கள்.

முதுகுவலி, தோள் பிரச்னை, ஹெர்னியா, உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். முதல் சில வாரங்களாவது கெட்டில்பெல் தெரிந்த கோச் ஒருவர் கூட இருப்பது நல்லது.

பல்லால் வண்டி இழுப்பது, நெஞ்சில் கல் உடைப்பது, உடம்பு மேல் வாகனம் ஏற்றுவது... இதையெல்லாம் பார்த்து ரசிப்பதோடு சரி. அதைச் செய்தவர்களுக்கு அது தொழில். வருடக்கணக்கில் பழகியும் அடிபட்டவர்கள் அவர்கள். 15 விநாடி வீடியோவுக்காக அந்த ரிஸ்க் எடுப்பது வேஸ்ட்.

ஸ்விங் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்துபாருங்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், கேன் தண்ணீரைத் தூக்கும்போது இடுப்பு சொல்பேச்சு கேட்கும். குட்டிக்கரணத்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!