பழைய சேலையைத் தூக்கிப் போடாதீங்க... வீட்டிலேயே ஒட்டுத்துணி போர்வை தைப்பது எப்படி?

பீரோவில் இடத்தை அடைக்கும் பழைய காட்டன் சேலைகளைக் கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. தையல் மெஷின் இல்லாமலே, ஊசியும் நூலும் வைத்து அவற்றை நல்ல போர்வையாக மாற்றலாம். இந்தியாவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் வேலைதான் இது. எப்படின்னு பார்ப்போம்.

கந்தா என்றால் என்ன?

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு 'கந்தா' என்று பெயர். ஊசியை மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஓட்டும் 'ரன்னிங் ஸ்டிச்' தான் இதன் அடிப்படை. அந்தக் காலத்தில் நூலைக்கூட கடையில் வாங்காமல், பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். பூ, பறவை என உருவங்கள் தைத்தால் அது 'நக்‌ஷி கந்தா'. இந்தக் கலைக்காக பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-லும், தக்தீரா பேகத்துக்கு 2024-லும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கர்நாடகாவின் 'கவந்தி'

உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைப்பது 'கவந்தி'. அடியில் ஒரு சேலையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியாக நான்கு மூலைகளிலும், பல மடிப்பாக மடித்த சின்ன முக்கோணத் துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் 'பூலா', அதாவது பூ.

என்னென்ன தேவை?

• ஒரு காட்டன் சேலை. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் சுமார் 6 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலத்தில் மூன்று அடுக்கு கிடைத்துவிடும். ஒரு போர்வைக்கு ஒரு சேலையே போதும்.
• மேலே வைத்துத் தைக்க துண்டுத் துணிகள்
• கெட்டியான காட்டன் நூல், கொஞ்சம் நீளமான ஊசி, கத்தரிக்கோல், குண்டூசி

செய்முறை

1. துணிகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது. சாயம் போகிற துணி என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

2. தரையில் சுருக்கம் இல்லாமல் அடுக்குகளை விரியுங்கள். கிழிந்த, நைந்த இடம் நடு அடுக்கில் வரட்டும்.

3. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் அடுக்குகள் நகர்ந்து, போர்வை கோணல்மாணலாகிவிடும்.

4. துண்டுத் துணிகளின் ஓரத்தை உள்ளே மடித்து, மேலே வைத்துத் தையுங்கள்.

5. பிறகு முழுப் போர்வைக்கும் ஒரு விரல் அகல இடைவெளியில் வரிசை வரிசையாக ரன்னிங் ஸ்டிச் போடுங்கள். நூலை ரொம்ப இழுத்தால் துணி சுருங்கும்.

6. ஓரங்களை மடித்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்துவிடுங்கள்.

இதை எல்லாம் கவனிங்க

காட்டனோடு பாலியஸ்டரைக் கலக்க வேண்டாம். துவைக்கும்போது காட்டன் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது; போர்வை மேடும் பள்ளமுமாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துவது நல்லது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது எந்தப் போர்வையையும் தளர்வாகப் போர்த்தக் கூடாது. முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு.

கடையில் வாங்கினால்?

கந்தா என்ற பெயரில் மெஷினில் தைத்ததும், தையல் போலவே பிரிண்ட் போட்டதும் விற்பனைக்கு வருகின்றன. போர்வையைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு விட்டு, கொஞ்சம் ஏற்ற இறக்கமாகத் தெரியும். மெஷின் தையல் இடைவெளி இல்லாத ஒரே கோடாக ஓடும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் தையலே இருக்காது.

கைத்தையல் போர்வை விலை அதிகம் என்று பேரம் பேசுவதற்கு முன் ஒரு வரிசை தைத்துப் பாருங்கள். ஒரு போர்வைக்கு அப்படி நூறு வரிசைக்கு மேல் வரும். துணி பழசுதான், நாம் காசு கொடுப்பது அந்தப் பெண்களின் உழைப்புக்கு.