வைக்கோல் வேகவைத்த நீர்

இனி அடிமைகளுக்கு வைக்கோல் தரவேண்டாம், அவர்களே தேடிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல்லின் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது! இஸ்ரவேலரை வாட்டிய பார்வோன் இவ்வாறு கட்டளையிட்டதாக யாத்திராகமம் கூறுகிறது. கோடிக்கணக்கானோர் படித்தனர், உருகினர். களிமண்ணுக்கு வைக்கோல் எதற்கு என்று கேட்டோர் எத்தனை பேர்?

கேட்டார் ஒருவர், அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன். கல்லூரி வாயிலை மிதியாதவர். 1880-இல் எடிசனின் பட்டறையில் பணிபுரிந்தவர். 1891-இல் கார்போரண்டம் என்னும் சாணைப்பொருளைக் கண்டவர். பட்டம் பெற்ற நாம் சற்றே நாணத்தான் வேண்டும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராபைட்டு மூசை செய்ய முனைந்தார். ஜெர்மனிக் களிமண் இணங்கிக் குழைந்தது. உள்நாட்டு மண்ணோ முரண்டுபிடித்தது. மண்ணோடு கலந்த செடிகொடிச் சாறுதான் காரணமோ என்று ஐயுற்றார். டானினைக் கலந்து பார்த்தார். ஆவாரம்பட்டையிலிருந்து நம் தோல் பதனிடுவோர் பெறுகிறார்களே, அந்தத் துவர்ப்பொருள்தான். மண் குழைந்தது! பழைய ஏடுகளில் இதற்குச் சான்று தேடியவருக்குக் கிட்டியது அந்த வைக்கோல் கதை. வைக்கோலை வேகவைத்த நீரையும் ஊற்றிப் பார்த்தார். அதுவும் பயன் தந்தது. 'எகிப்தியமாக்கிய களிமண்' என்று பெயரிட்டார்.

மாயமன்று இது. களிமண் துகள்கள் நீரில் ஒன்றையொன்று பற்றித் திரளும். திரண்டால் கனத்து அமிழும். டானின் துகளின்மீது ஒட்டி எதிர்மின்னேற்றத்தை மிகுவிக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. பருமண் அடியில் படிய, நுண்மண் மட்டும் மேலே நிற்கிறது. பண்டை ஏதென்சுக் கலங்களின் கருமெருகும் இத்தகைய நுண்குழம்பே, சூளையில் காற்றைக் குறைத்துக் கறுக்கவைத்ததே என்று 1942-இல் தியோடர் ஷூமன் செய்து காட்டினார். ஆச்சிசனோ 1906-இல் டானினைக் கிராபைட்டின்மீதே ஏவி, நீரில் படியாத மசகுக் குழம்பு ஒன்றை உண்டாக்கினார்.

அதற்காக, எகிப்தியர் இதை அறிந்தே செய்தனர் என்று நாம் தலையாட்டிவிடலாமா? காயும் செங்கல் வெடிக்காமல் பிடித்து நிறுத்த வைக்கோலின் நார் போதும். ஊகம் ஆச்சிசனுடையது, சோதனையில் தேறியது வைக்கோல் நீர் மட்டுமே.

இன்றைய குயவர் பெரும்பாலும் சலவைச் சோடாவையோ சோடியம் சிலிக்கேட்டையோ நாடுகின்றனர். ஒன்று கிட்டாவிடில் மற்றொன்று. ஆயினும் ஒரு மண்ணுக்கு ஏற்றது மற்றொரு மண்ணுக்கு ஏற்பதில்லை. சிறு கலயத்தில் கரைத்துப் பார்த்தே அளவு காணவேண்டும். சோடா மிஞ்சினால், விலகி நின்ற துகள்கள் மீண்டும் திரண்டுவிடும்.