தத்துவம் எதற்கு உதவும்? மூளைச்சாவு முதல் செல்போன் மேப் வரை, அறிவியல் தனியாகப் பதில் சொல்ல முடியாத கேள்விகள்

விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் ஐசியூவில் இருக்கிறார். வென்டிலேட்டர் ஓடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சூடாக இருக்கிறது. மானிட்டரில் இதயத்துடிப்பு தெரிகிறது. வெளியே வரும் டாக்டர், "மூளைச்சாவு அடைஞ்சுட்டார்" என்கிறார்.

"நெஞ்சு துடிக்குதே டாக்டர், எப்படி இறந்துட்டார்னு சொல்றீங்க?" பெரும்பாலும் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

நியாயமான கேள்வி. மூளை வேலை செய்கிறதா, இல்லையா என்பதைப் பரிசோதனை சொல்லிவிடும். ஆனால், மூளை நின்றுபோனால் அந்த மனிதரே இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. 'மரணம் என்றால் என்ன?' என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அங்கேதான் தத்துவம் உள்ளே வருகிறது.

"தத்துவம் படிச்சா சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவியலுக்கும் சமூகத்துக்கும் தத்துவம் உண்மையில் என்ன செய்திருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

தத்துவம் என்றால் என்ன?

தமிழில் 'தத்துவம்' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாவின் தத்துவப் பாடல்கள். அல்லது, "தத்துவம் பேசாதப்பா" என்ற கிண்டல். இங்கே பேசப்போவது அது இல்லை. மெய்யியல் என்றும் அழைக்கப்படும் ஒரு துறையைப் பற்றி.

நாம் பயன்படுத்தும் சொல்லுக்கு என்ன பொருள், அதை ஏன் நம்புகிறோம், எது சரியான சான்று, எதைச் செய்வது நியாயம் என்று வாதங்களோடு ஆராய்வதுதான் இந்தத் துறையின் வேலை. இது மேற்கத்திய சரக்கு மட்டும் இல்லை. எது சரியான சான்று, எது போலிச் சான்று என்று மணிமேகலையின் 29-ஆவது காதை விரிவாகப் பேசுகிறது. அறியும் வழிகளுக்குத் தமிழ் மரபு வைத்த பெயரே 'அளவை'.

அறிவியலும் தத்துவமும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தன. 1687-இல் வெளியான நியூட்டனின் புகழ்பெற்ற நூலின் தலைப்பில் 'இயற்கைத் தத்துவம்' என்ற சொல்தான் இருக்கிறது. விஞ்ஞானி என்பதற்கான ஆங்கிலச் சொல் 1830-களில்தான் உருவானது.

மரணத்துக்கு விளக்கம் கொடுத்தது யார்?

மூச்சு நின்றால், இதயம் நின்றால் மரணம். பல நூற்றாண்டுகளாக இதில் பெரிய குழப்பம் இல்லை. மூச்சும் இதயமும் மூளையும் சிறிது நேர இடைவெளியில் அடுத்தடுத்து நின்றுவிடும் என்பதால், எது 'உண்மையான' மரணம் என்று பிரித்துப் பார்க்கும் தேவையே எழவில்லை.

வென்டிலேட்டர் வந்த பிறகு நிலைமை மாறியது. மூளை முற்றிலும் செயலிழந்தாலும் இயந்திரம் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும். இதயத்துக்குச் சொந்தமாகவே மின்துடிப்பு உண்டு. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது சில காலம் துடித்துக்கொண்டே இருக்கும். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். இதயத்தைத் தானமாகத் தருபவர் எந்த நொடியில் 'இறந்தவர்' ஆகிறார் என்பது உடனே பதில் தேவைப்படும் கேள்வியானது.

1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அமைத்த குழு இதற்கு ஒரு வரையறை தந்தது. அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இல்லை. சட்டம், வரலாறு, அறநெறி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அதன்பிறகும் விவாதம் ஓயவில்லை. மூளை முழுவதும் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மூளைத்தண்டு செயலிழந்தால் போதும் என்பது பிரிட்டனின் நடைமுறை. பரிசோதனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வேறுபடுவது, மரணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது.

இந்தியாவில் நிலைமை என்ன?

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தை மரணமாக ஏற்கிறது. நான்கு பேர் கொண்ட மருத்துவக் குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் மூளையைப் பற்றிப் பேசவே இல்லை. உயிர் இருப்பதற்கான எல்லா அறிகுறிகளும் நிரந்தரமாக மறைவதுதான் மரணம் என்கிறது அது. ஒரே நாட்டில் மரணத்துக்கு இரண்டு விளக்கம். உறுப்பு தானத்துக்குக் குடும்பம் சம்மதித்தால் பாதை தெளிவு. சம்மதிக்காவிட்டால், "இவர் இறந்தவரா, சிகிச்சையில் இருப்பவரா? வென்டிலேட்டரை எடுக்கலாமா?" என்ற சிக்கல் மருத்துவமனைகளில் எழுகிறது. அந்த நேரத்தில் குடும்பத்துக்கு அது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. இன்னும் எத்தனை நாள் ஐசியூவில் வைத்திருப்பது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

உங்கள் செல்போன் மேப்பில் தத்துவம் எங்கே இருக்கிறது?

'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்ற இதே கேள்வி இயற்பியலையும் புரட்டிப் போட்டிருக்கிறது. 1902-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஐன்ஸ்டீன். அங்கே இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்தினார். ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம், நியூட்டனின் 'எங்கும் ஒரே சீராக ஓடும் காலம்' என்ற கருத்தைக் கேள்வி கேட்ட எர்ன்ஸ்ட் மாக் ஆகியோரை அந்தக் குழு படித்தது.

அனுபவத்தோடு தொடர்பே இல்லாத கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்பது அவர்களிடம் கிடைத்த பாடம். அதை வைத்து ஐன்ஸ்டீன் ஒரு எளிய கேள்வியை எழுப்பினார். 'இரண்டு சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்தன' என்று சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்?

ரயில் பாதையில் இரண்டு இடங்களில் மின்னல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக நடுவில், பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு இரண்டு ஒளியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அவருக்கு இரண்டு மின்னலும் ஒரே நேரம். ஆனால் ஓடும் ரயிலில் இருப்பவர் ஒரு மின்னலை நோக்கிப் போகிறார், இன்னொன்றை விட்டு விலகுகிறார். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், அவரது கணக்கில் ஒரு மின்னல் முந்திவிடும். இருவர் சொல்வதும் சரிதான். 1905-இல் பிறந்த சிறப்புச் சார்பியலின் மையம் இது. ஹியூமுக்கும் மாக்குக்கும் தான் கடன்பட்டிருப்பதை ஐன்ஸ்டீனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதனால் நமக்கு என்ன? ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், பூமியில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். சிறப்பு, பொது என இரண்டு சார்பியல் விளைவுகளையும் சேர்த்த கணக்கு இது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். தி.நகர் போக வேண்டியவரை மேப் எங்கோ கொண்டுபோய் விடும்.

"இது வெறும் தத்துவம்" என்று ஒதுக்கப்பட்டது நோபல் ஆனது எப்படி?

நாம் அளந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு துகளுக்குத் திட்டவட்டமான பண்புகள் இருக்கின்றனவா? 1935-இல் ஐன்ஸ்டீனும் நீல்ஸ் போரும் இதைப் பற்றி வாதிட்டார்கள். அதன்பிறகு, "கணக்கு சரியா வருதுல்ல, வேலையைப் பாருங்க" என்ற மனநிலையில் இயற்பியலாளர்கள் பலர் இதைத் தள்ளி வைத்தனர்.

1964-இல் ஜான் பெல் இந்தக் கேள்வியை ஆய்வகத்தில் சோதிக்கக்கூடிய கணிதமாக மாற்றினார். 1972-இல் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும், 1980-களின் தொடக்கத்தில் அலைன் ஆஸ்பெயும் அதைச் சோதித்தனர். கிளாசர், ஆஸ்பெ, ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த குவாண்டம் பிணைப்பு, இன்று ரகசியத் தகவல் பரிமாற்றத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை. இந்தியாவும் 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

'செய்ய முடியும்' என்றால் செய்யலாமா?

அமெரிக்காவின் டஸ்கிகீ பகுதியில் 1932-இல் தொடங்கிய ஓர் அரசு ஆய்வில் சுமார் 600 கறுப்பின ஆண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய் இருந்தது. அந்த விஷயம் அவர்களிடம் மறைக்கப்பட்டது. 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் தரப்படவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதே நோக்கம். 1972-இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகுதான் அது நின்றது.

அந்த ஆய்வில் தரவு இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள். 'இதைச் செய்யலாமா?' என்று கேட்டுத் தடுக்கும் ஏற்பாடுதான் இல்லை. 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை, மனிதர்களுக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என மூன்று நெறிகளை வகுத்தது. அதை உருவாக்கும் பணியில் டாம் போஷாம்ப் உள்ளிட்ட தத்துவவாதிகள் நேரடியாகப் பங்கேற்றனர்.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் குறைந்தது 7 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அதில் சாமானியர் ஒருவர், சட்ட நிபுணர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். அவர்களோடு சமூக அறிவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவவாதி போன்றவர்களில் ஒருவரும் வேண்டும். நாளைக்கே உங்கள் வீட்டில் ஒருவரை மருந்துப் பரிசோதனையில் சேர்ப்பதாக இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்குகிறார்களே, அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அப்படியென்றால் தத்துவம் சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங், லியோனார்ட் மிலோடினோவுடன் 2010-இல் எழுதிய நூலில், நவீன அறிவியலோடு தத்துவம் ஓடிவரவில்லை, அது செத்துவிட்டது என்று சாடினார். நோபல் பெற்ற ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1992-இல் தன் நூலில் தத்துவத்துக்கு எதிராக ஓர் அத்தியாயமே எழுதினார். ஆய்வகத்தின் பக்கமே போகாமல் அறிவியலுக்குத் தீர்ப்பு சொன்ன தத்துவவாதிகள் இருந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அதைவிட மோசமானது, ஒரு கொள்கையை அறிவியலின் தலையில் கட்டுவது. ஸ்டாலின் கால சோவியத்தில் மரபணுவியல் 'முதலாளித்துவ அறிவியல்' என்று முத்திரை குத்தப்பட்டது. லைசென்கோவின் தவறான வேளாண் கருத்துகளுக்கு அரசே துணை நின்றது. எதிர்த்த தாவர விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ் 1943-இல் சிறையில் இறந்தார்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவு. தத்துவம் கேள்வி கேட்கும்போது அறிவியலுக்கு உதவுகிறது. சோதனைக்கு முன்பே பதிலை முடிவு செய்துவிட்டால் அது தத்துவமே இல்லை, பிடிவாதம்.

மீண்டும் அந்த ஐசியூ வாசல்

தமிழ்நாட்டில் உடல் உறுப்புகளைத் தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடக்கும் என 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். துக்கத்துக்கு நடுவே சம்மதம் சொல்லும் ஒவ்வொரு குடும்பமும், 'மரணம் என்றால் என்ன?' என்ற கேள்விக்குத் தனக்குள் ஒரு பதில் தேடித்தான் கையெழுத்துப் போடுகிறது.

அந்த வாசலில், "நெஞ்சு துடிக்குதே டாக்டர்" என்று ஒருவர் கேட்டால், அதை விவரம் தெரியாதவர் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 1968-இல் ஹார்வர்ட் குழு உட்கார்ந்து விவாதித்ததும் அதே கேள்வியைத்தான். பரிசோதனை என்ன சொன்னது, அதை ஏன் மரணம் என்கிறோம் என்று இரண்டையும் பொறுமையாக விளக்கும் பதில்தான் அந்தக் குடும்பத்துக்குத் தேவை. முதல் பாதியைக் கருவி சொல்லிவிடும். இரண்டாவது பாதியை மனிதர்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.