ஜீப்பின் நடுக்கத்தைக் கண்டறிந்த வரலாறு

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் எஞ்சினின் விசை கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸை அடைகிறது. அங்கிருந்து இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகள் அதை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் கொண்டுபோகின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸோடு பிணைந்து நிற்கும். ஆக்சிலோ ஸ்பிரிங் பட்டையோடு சேர்ந்து பள்ளத்தில் இறங்கும், கல்லில் ஏறும். இந்த இரண்டுக்கும் இடையில் கோணம் மாறிக்கொண்டே சுழல வேண்டியிருப்பதால்தான் ஷாஃப்டின் முனைகளில் யுனிவர்சல் ஜாயிண்ட் வந்தது. வண்டி நடுங்கினால் மெக்கானிக் முதலில் சந்தேகிப்பதும் அதையே.

இந்த இணைப்பு பல மொழிகளில் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் வழங்குகிறது. அவர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதியது கோணம் மாறினாலும் சாயாத வளையத் தொங்கலைப் பற்றி. சுழற்சியைக் கடத்தும் இணைப்பை ஆராய்ந்து எழுதியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-இல் வெளியான நூலில், வளைந்த நிலையில் இந்த இணைப்பு சீராகச் சுழலாது என்பதை அவர் காட்டினார். உள்ளே வரும் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சூரியக் கடிகாரத்தின் நிழல் மணிக்கு மணி சமமாக நகராததும் இதே கணக்கில் அடங்கும் என்பதால் ஹூக்குக்கு இது பயனுள்ள குணமாகவே தோன்றியது. 10 பாகை கோணத்தில் ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம்தான். 30 பாகையில் அது 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். கோணம் மூன்று மடங்கானால் கேடு பத்து மடங்காகிறது. மலைப்பாதை வண்டியின் தொல்லை முழுவதும் இதில் இருக்கிறது.

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி. 1898-இல் லூயி ரெனோ தன் சிறிய வண்டியில் ஷாஃப்டைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் உறையிட்ட யுனிவர்சல் ஜாயிண்டுக்குக் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் உற்பத்தியைத் தொடங்கினார். ஹூக் சொன்ன ஏற்ற இறக்கத்தைப் போக்கவும் வழி இருந்தது. ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்டை வைத்து, இரண்டின் கோணத்தையும் சமமாக்கி, ஷாஃப்டின் இரு முனைக் கவட்டைகளான யோக்குகளை ஒரே திசையில் பொருத்தினால், முதல் ஜாயிண்ட் கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். நீளம் மாற இடம் தரும் ஸ்ப்ளைனைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் இந்தச் சமன் குலையும். ஸ்ப்ளைனில் அம்புக்குறி பொறிப்பது இதற்காகவே. கழற்றுமுன் தாமே அடையாளமிட்டுக்கொள்ளும் மெக்கானிக்குகள் ஹூக்கின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய கணக்கைக் காப்பாற்றுகிறார்கள்.

இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் கோணம் பெரும் கேள்வியானது. 80 அங்குலமே சக்கர இடைவெளி. அதனால் பின் ஷாஃப்ட் மிகக் குட்டை. ஷாஃப்ட் குட்டையாகக் குட்டையாக, ஆக்சில் கொஞ்சம் அசைந்தாலும் கோணம் அதிகமாக மாறும். அந்த ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88, டயரின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் வினாடிக்கு ஏழரை முறை சுற்றும், ஷாஃப்ட் சுமார் முப்பத்தாறரை முறை சுற்றும். ஜாயிண்டின் கோணக் கோளாறு சுற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வினாடிக்கு 73 அதிர்வு தரும். நோய்க்கு நாடி பார்ப்பதுபோல இந்த எண்களைப் பார்த்தே குற்றவாளியை அறியலாம். ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் மெதுவாக உலுக்கினால் டயர் அல்லது ரிம். அதைவிட வேகமான அதிர்வு என்றால் எடைச்சமன் கெட்ட ஷாஃப்ட். தரைத்தகட்டில் ரீங்காரமாக எழுந்தால் ஜாயிண்டின் கோணம்.

எண்ணுவதற்குக் கருவியும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபிராம் மெல்லிய எஃகு நாக்குகளை வரிசையாக அமைத்த அதிர்வுமானியை உருவாக்கினார். எந்த நாக்கின் இயல்பான அதிர்வெண் நடுக்கத்தோடு ஒத்துப்போகிறதோ அது மட்டும் அகலமாக ஆடும். பின்னர் அந்த இடத்தை மின்னணுக் கருவிகள் பிடித்தன. கருவியில்லாத பட்டறையில் சுழலும் ஷாஃப்டருகே சாக்பீஸை நீட்டி, கோடு விழும் பக்கத்தைப் பார்த்து வளைவைக் கண்டார்கள். ஹோஸ் கிளாம்பை ஷாஃப்டில் மாட்டி, நகர்த்தி நகர்த்தி எடைச்சமன் தேடினார்கள்.

போருக்குப் பின் 1948-இல் தொடங்கிய வார்ன் நிறுவனம், தேவையில்லாதபோது முன்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரிக்கும் ஹப்பை விற்றது. தேய்மானத்தைக் குறைப்பதற்காக வந்த பொருள் சோதனைக்கும் உதவியது. ஹப்பை விடுவித்து, இரண்டு சக்கர இழுப்பில் ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுழலாது. அப்போது நடுக்கம் நின்றால் கோளாறு முன்பக்கம் என்று உறுதியாகும்.

1997 முதல் 2006 வரை வந்த டிஜே வகை ஜீப் ராங்ளர் இந்த வரலாற்றின் முக்கியமான பாடம். பெரிய டயருக்காக உரிமையாளர்கள் வண்டியைச் சில அங்குலம் உயர்த்தியதும் குட்டையான பின் ஷாஃப்டின் கோணம் கூடி, நடுக்கம் பிறந்தது. ஷாஃப்டைத் திரும்பத் திரும்பச் சமன்செய்தும் பயனில்லை; கெட்டது எடையல்ல, கோணம். டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்றுத் தாழ்த்தியது பாதி மருந்தாயிற்று. முழு மருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயிண்ட் கொண்ட புதிய ஷாஃப்ட். அதற்கு விதி வேறு: ஆக்சிலில் ஷாஃப்ட் இணையும் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நேரே நோக்க வேண்டும். விசை ஏறும்போது பினியன் மேலெழும் என்பதால் நின்ற நிலையில் ஓரிரு பாகை தாழ்த்தி வைப்பார்கள். ஷாஃப்டை மாற்றிவிட்டுப் பினியனைப் பழைய சாய்விலேயே விட்டவர்களுக்கு நடுக்கம் தீரவில்லை.

1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் அவற்றின் வழிவந்தவையும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றவை. சுமைக்காகக் கூடுதல் பட்டை சேர்த்தாலும், பழைய பட்டை தளர்ந்து படிந்தாலும் ஷாஃப்டின் கோணம் மாறும். அமெரிக்க ராங்ளருக்குப் பொருந்திய கணக்கு அங்கும் பொருந்தும். நடுங்கும் வண்டிக்கு யுனிவர்சல் ஜாயிண்டின் நடுச்சிலுவையான யு.ஜே. கிராஸைப் புதிதாக வாங்குவதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும், கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், யோக்குகளின் திசையைச் சரிபார்த்துக் கோணமானியால் இரு முனையையும் அளக்க வேண்டும். அளக்காமல் மாற்றப்படும் கிராஸ் பெரும்பாலும் வீண் செலவு.